சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை

“உங்க வீட்ல சித்திரை மாசத்துலயும் முழுக்கை சட்டை போட்டவங்க யாராவது இருந்தாங்களா?”

அவருடைய முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. தோல் வியாதிக்கு ரத்தம் எடுக்கிறோம் என்று வரச்சொல்லிவிட்டு இந்த அம்மா சட்டையைப் பற்றிக் கேட்கிறாரே என்று என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி உறைக்கும். பிறகு யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: “எங்க பெரியப்பா போடுவாரு.”

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காட்பாடியில் ஒரு தோல் டாக்டருடைய கிளினிக்கின் மாடியில் இரண்டு அறைகள். கீழே டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். மாடியில் நாங்கள் ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தம் சேகரித்தோம். சோரியாசிஸ் என்று ஒரு நோய், தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிருமே, அது சில குடும்பங்களில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொள்கிற ஆராய்ச்சி. நோயாளி, அவருடைய அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று வரக்கூடியவர்கள் எல்லோரிடமும் ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பெங்களூருக்கு அனுப்புவோம். குடும்பங்களிடம் பேசி விவரம் வாங்குவது சட்டையைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாவின் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

அவர் நர்ஸாக இருந்து இந்த வேலைக்கு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். நானும் சிஸ்டர் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாருடைய பெயரையும் தன் வாயால் வெளியே விடாதவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயரை நான் ஊருக்கெல்லாம் சொல்வது அழகில்லை. அதிலும் நான்.

நான் அதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் பதினோரு வருடம் உற்பத்திக் கணக்கு டைப் அடித்தவன். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தைக்கிற பெண் ஒருத்தியை சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டினான் என்று அவனோடு சண்டை போட்டு வேலையை விட்டேன். அந்தக் கதையை நான் பெருமையாகச் சொன்னபோது சிஸ்டர் சிரித்தார். “உங்க கோவத்துக்கும் ஒரு ஜீன் இருக்கும்ணா. உங்க ரத்தத்தையும் ஒரு குழாய் எடுத்து அனுப்பிடலாமா?” அதற்குப் பிறகு நான் யாரிடமாவது குரலை உயர்த்தினால் அவர் ஊதா மூடிக் குழாய் ஒன்றை எடுத்து மேஜைமேல் நிறுத்தி வைப்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். தாத்தா பாட்டியில் ஆரம்பித்துப் பேரப்பிள்ளைகள் வரை கோடு இழுத்து இணைப்பார். நோய் இருப்பவர்களின் சதுரத்தையோ வட்டத்தையோ பென்சிலால் கறுப்பாக நிரப்புவார். வட்டம் போட அந்தக் குழாயின் மூடியைத்தான் கவிழ்த்து வைத்துக்கொள்வார். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தாள்கள் எல்லாம் அவருடைய இழுப்பறையில், பூட்டுக்குள். சாவி அவர் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையோடு சேர்ந்து தொங்கும். ஏற்றுவதற்கு என்னிடம் கொடுத்த தாளைச் சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். எனக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. நான் என்ன தூக்கிக்கொண்டா ஓடப்போகிறேன்?

“நேரா கேட்டா என்ன சிஸ்டர், உங்க வம்சத்துல யாருக்காவது இது உண்டான்னு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நேரா கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்கண்ணா. வியாதியை மறைச்சிடுவாங்க. அதை மறைக்கறதுக்கு என்னெல்லாம் பண்ணாங்களோ, அதை மறைக்கத் தோணாது.”

அது உண்மை. லத்தேரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்று மூன்று முறை சொன்னார். சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே, “உங்க வீட்டுப் பொம்பளைங்கள்ல யாராவது தலையை யார்கிட்டயும் குடுக்காம, தானே சீவிக்கிட்டவங்க இருந்தாங்களா சார்?” என்று கேட்டார். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய அத்தை ஒருத்தி அப்படித்தானாம். கல்யாணத்தன்றுகூட யாரையும் பூ வைத்துவிட விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு தானே பின்னி முடிந்துகொண்டு வந்தாளாம். ரொம்பத் திமிர் பிடித்தவள் என்று வீட்டில் எல்லோரும் சாகிற வரைக்கும் அவளைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சொல்லச் சொல்ல வாத்தியாரின் முகம் மாறியது. பாதியில் நிறுத்திவிட்டார். சிஸ்டர் ஊதா மூடியைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டு, அதை லேசாக நிரப்பினார். நேரில் பார்த்து உறுதி செய்யாததை அவர் கறுப்பாக நிரப்பமாட்டார். வாத்தியார் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப்போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

இப்படித் துருவித் துருவிக் கேட்கிறவர், கேட்டதில் ஒரு துளியைக்கூட இன்னொரு காதுக்குச் சொல்லமாட்டார். அண்ணன் சொன்னதைத் தம்பியிடம் சொல்லமாட்டார். புருஷன் சொன்னது பெண்டாட்டிக்குப் போகாது. ஆம்பூரில் என் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில், மாடியில் இரண்டு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசிப்போன ஒரு மனிதர் இருந்தார். நான், “என்ன சார், சௌக்கியமா?” என்று வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர் முன்பின் பார்த்திராதவர் மாதிரி கத்திரிக்காயைப் பிரியாணியோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். பந்தி முடிகிற வரைக்கும் சிஸ்டர் முகத்தில் தெரிந்தவரைப் பார்த்த சாயல் ஒன்றும் இல்லை. வெளியே வந்து நான் காலைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

“ஒரு வணக்கம் வெச்சா இன்னா சிஸ்டர் ஆயிடும்?”

“பக்கத்துல இருக்கறவங்க, இவங்களை எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அவர் ஒரு பொய் சொல்லணும். நம்மால அவர் எதுக்கு பொய் சொல்லணும்?”

நான் அன்றைக்கு அவரை வியந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படித் தூங்குகிறார் என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

குடியாத்தத்துக் குடும்பம் வந்தது எங்கள் மூன்றாவது வருடத்தில். ஏழு வயதுப் பெண் குழந்தைக்குத் தொண்டையில் புண் வந்து காய்ச்சல் அடித்திருக்கிறது. இரண்டு வாரத்தில் உடம்பெல்லாம் துளித்துளியாகச் சிவந்து, பிறகு முழங்கையிலும் தலையிலும் செதில் கட்டிவிட்டது. குழந்தையின் தாத்தா லுங்கி நெய்கிறவர், பவர்லூம் கொட்டகையில் வேலை. குழந்தையின் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறவள். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். குழந்தைக்கு வந்த நோய் அவளால் வந்தது என்று மாமியார் முடிவு கட்டி, அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குழந்தையை அனுப்பவில்லை.

“செத்த தோலைத் தொட்டு தொட்டுத் தெக்கிறா. பேஸ்ட்டு, கெமிக்கலு எல்லாம் அந்தக் கையிலதான். அதே கையால புள்ளைக்கு சோறு ஊட்னா இன்னா ஆவும்? எங்க வூட்ல யாருக்குமே இது கெடையாதும்மா,” என்று மாமியார் சிஸ்டரிடம் சொன்னார். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிப் பேசியிருக்கிறார்கள். காட்பாடியில் ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்கிறார்களாம், யார் ரத்தத்தில் குற்றம் என்று ரிப்போர்ட் வந்துவிடும், மருமகள் பக்கம் இல்லையென்று வந்தால் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம், அதுவரை அவள் குழந்தையைத் தொடக்கூடாது என்று பேச்சை முடித்திருக்கிறார்கள். மாமனார், மாமியார், மகன், குழந்தை ஒரு பெஞ்சில். அந்தப் பெண்ணும் அவளுடைய அண்ணனும் எதிர் பெஞ்சில். குழந்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இந்த டெஸ்டுல அப்படி ஒரு ரிப்போர்ட் வராதும்மா,” என்றார் சிஸ்டர்.

“பின்ன எதுக்கு எங்களை எல்லாம் வரச்சொல்லி ரத்தம் எடுக்கறீங்க?”

எனக்கே அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. சிஸ்டர் மாமனார் பக்கம் திரும்பினார். வெளுத்த நீலத்தில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது.

“ஐயா, தறியில பாவு நூல் அறுந்துட்டா தறி தானா நிக்கணும், இல்லீங்களா?”

“நிக்கணும்.”

“நிக்காம ஓடுச்சின்னா?”

“துணி பாழாய்டும். பழைய தறிங்க ஜாஸ்தி அப்படித்தான் ஓடும். நாமதான் ஓடிப்போய் நிறுத்தணும்.”

“உடம்புலயும் அதேதான். தொண்டையில கிருமி வந்தா உடம்பு சண்டை போட ஆரம்பிக்கும். ரத்தத்துல ஒரு அணு இன்னொரு அணுவுக்கு ‘வா, வா’ன்னு தகவல் அனுப்பும். கிருமி செத்ததும் ‘போதும், நிறுத்து’ன்னு ஒரு தகவல் போகணும். சில பேருக்கு வான்னு கூப்புடறது சத்தமா இருக்கும், நிறுத்துன்னு சொல்றது காதுல விழாது. அதனால தோல் நிக்காம வளர்ந்துகிட்டே போகுது. அதான் செதிலு. இது ஒட்டிக்கற வியாதியும் இல்ல, தோல் கம்பெனியில ஒட்டிக்கிட்டு வந்ததும் இல்ல. நாங்க குடுக்கற மருந்து, நீங்க ஓடிப்போய் தறியை நிறுத்தற மாதிரி.”

பெரியவர் தலையை ஆட்டினார். மாமியார் விடவில்லை. “அந்தத் தகவலு ஏன் கெட்டுப்போச்சி? யாரால கெட்டுப்போச்சி?”

“யாராலயும் இல்லம்மா. அந்தத் தகவல் எல்லாம் உடம்புக்குள்ள எழுதியிருக்கும். எல்லார் எழுத்தும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு எடத்துல இல்ல, நிறைய எடத்துல சின்னச் சின்ன வித்தியாசம். குழந்தைக்குக் கொஞ்சம் அப்பா வழியா வரும், கொஞ்சம் அம்மா வழியா வரும். அந்த எழுத்து இருந்தும் சாகிற வரைக்கும் ஒண்ணுமே வராதவங்க எத்தனையோ பேரு.”

அதன் பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டார். பெரியவர் அரை மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுத்து மாமியார் போனார். வரும்போது கண் சிவந்திருந்தது. எதிர் பெஞ்சுப் பெண்ணைப் பார்க்காமல் நேராகப் படியிறங்கிவிட்டார்.

மறுநாள் அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தது. பெரியவரின் சதுரம் கன்னங்கரேலென்று நிரம்பியிருந்தது. நேரில் பார்த்து உறுதி. முப்பது வருடமாக. ‘குடும்பத்தில் யாருக்குத் தெரியும்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘மனைவிக்கு மட்டும்’ என்று சிஸ்டர் எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

“சிஸ்டர், இந்தப் பொம்பளைக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே அந்தப் பொண்ணைத் துரத்தியிருக்கா.”

“ஆமாண்ணா.”

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்.”

“சொல்லக் கூடாது.”

“குழந்தை அம்மா இல்லாம கிடக்குது!”

அவர் ஊதா மூடிக் குழாயை எடுத்து நிறுத்தவில்லை. “எனக்கும் தெரியும்ணா. அந்த அம்மா முப்பது வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு புருஷன் முதுகுக்கு எண்ணெய் தடவறாங்க. வெளிய தெரிஞ்சா அவரைக் கொட்டகையில சேர்க்க மாட்டாங்கன்னு பயம். அந்த பயத்துலதான் இந்த ஆட்டம் ஆடறாங்க. இப்ப நாம இதை வெளிய விட்டா இன்னா ஆகும்? இன்னிக்கு மருமக ரத்தம்னு சொல்றாங்க, நாளைக்கு மாமனார் ரத்தம்னு சொல்வாங்க. ரெண்டுமே பொய். அந்தப் பொண்ணுக்கு வியாதி இல்லங்கறதால அவகிட்டேர்ந்து எதுவும் வரலைன்னு ஆயிடாது. நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன். கொஞ்சம் பொறுங்க.”

யாரோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் பொறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆம்பூர் ரயில் நிலையத்தில் அந்தப் பெண்ணும் அவளுடைய அண்ணனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணன் என்னுடைய பழைய கம்பெனியில் கட்டிங் பிரிவு, எனக்கு முன்பே முகப்பழக்கம். அவள் அழுது முடித்த முகத்தோடு ஒரு துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். அன்று குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறாள். குழந்தை இரண்டு எட்டு ஓடிவந்து நின்றுவிட்டதாம்.

“‘கிட்ட வராதம்மா, வூட்ல ஆயா திட்டும். உன்னைத் தொட்டா எனக்கு ஜாஸ்தி ஆயிடும்’னு சொல்லுது சார்,” என்றாள் அவள். “அது வாயாலயே சொல்லுது.”

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நான் அண்ணன்காரனிடம் சொன்னேன். எவ்வளவு குறைவான வார்த்தைகள் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

“உன் தங்கச்சி மேல தப்பு இல்லப்பா. அந்தப் பெரியவரு சட்டையைக் கழட்டச் சொல்லிப் பாரு.”

சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சூப்பர்வைசரோடு சண்டை போட்ட அன்று இருந்த அதே சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து அண்ணன்காரன் போன் செய்தான். குரலில் ஒரே உற்சாகம். “நீங்க சொன்னது கரெக்ட்டு சார்!” அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும், கொட்டகையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் பார்த்துப் போயிருக்கிறார்கள். பெரியவரை மறித்துச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். இவர்கள் கையைப் பிடித்துச் சட்டையை இழுத்துக் கிழித்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள், தெருக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். “கையி, முதுகு எல்லாம் அதான் சார். அப்படியே ரோட்ல குந்திட்டாரு.” மாமியார் வீட்டிலிருந்து ஓடிவந்து முந்தானையை அவிழ்த்து அவர்மேல் போர்த்தி, தானும் அவரோடு தெருவில் உட்கார்ந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலமே மாமியார் குழந்தையின் துணிமணியை மூட்டை கட்டி, அண்ணன்காரன் வீட்டு வாசலில் குழந்தையோடு விட்டுவிட்டுப் போனார். குழந்தை அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தை அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டார். பெரியவரின் மகன் போனில் கத்தித் தீர்த்திருந்தான். பெரியவர் அறைக்குள் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை, இனி எந்த மருந்தும் வேண்டாம் என்கிறாராம்.

“இந்தத் தாளைப் பார்க்கறது நாம மூணு பேர்தான்,” என்றார் டாக்டர். “யார் வெளிய சொன்னது?”

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பயம் என்று பெயர். வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. சிஸ்டர்தான் வாயைத் திறந்தார்.

“வர்ற புதன்கிழமை அவரே மருமகளை வரச்சொல்லிச் சொல்றேன்னு ஒத்துக்கிட்டிருந்தார் டாக்டர். நாலு தடவை போய்ப் பேசினேன். ‘என் வாயாலயே சொல்லிடறேம்மா, அந்தப் பொண்ணு பாவம்’னு சொன்னாரு. அந்த அம்மாவும் சரின்னுட்டாங்க.”

நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“சாவி என்கிட்டதான் இருந்தது. வெளிய போயிருந்தா என்கிட்டேர்ந்துதான் போயிருக்கு,” என்றார் சிஸ்டர்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசுவதற்கு நேரம் இருந்தது. டாக்டர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடுகிற அளவுக்கு நேரம் இருந்தது. சிஸ்டர் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மாடிக்கு வந்து தன் டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு, “வர்றேண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் போலவே சொன்னார்.

பல வருடம் நான் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை விஷயத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? அப்படி என்ன பெரிய ரகசியம்? என்னை நம்பாதது அவர் தப்பு இல்லையா? இப்படிக் கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடம்தான். அவர் நம்பாதது சரியாகத்தான் இருந்தது.

போன வருடம்தான் விலாசம் கிடைத்தது. திமிரிப் பக்கம், அப்பா வீட்டில் இருக்கிறார். அருகே ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிற வேலை. ஆற்காடு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போனேன். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து வைத்தார். நான் டீயைத் தொடாமலே சொன்னேன்.

“நான்தான் சிஸ்டர் சொன்னது.”

“தெரியும்ணா.”

“எப்படி?”

“‘சட்டையைக் கழட்டச் சொல்லிப் பாரு’ன்னு யாரோ சொன்னதா அந்தப் பையன் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தான். டாக்டருக்கு அப்படிப் பேச வராது.”

நான் அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், ஒரு பெண்ணின் முன்னால், அவருடைய வயதான அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. நான் முடித்ததும் கேட்டார்.

“பெரியவர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப என்கிட்ட வந்து எதுக்கண்ணா சொல்றீங்க?”

அதில் கோபம் இல்லை. நோயாளிகளிடம் கேட்கிற அதே குரல். மாசத்துக்கு ஒருமுறை குடியாத்தம் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். இரண்டு வருடம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவரைப் பேசிப் பேசி மறுபடி மருந்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். மருமகள் இப்போது பேத்தியை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டிவருகிறாளாம். தறி வேலைக்கு அவர் திரும்பப் போகவே இல்லை.

“ஒவ்வொரு தடவையும் நான் மன்னிப்பு கேப்பேன். ‘நீ சொல்லியிருக்க மாட்டம்மா’ன்னுதான் சொல்வாரு. ‘யாரு சொன்னது? அவங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? அதை மட்டும் தெரிஞ்சிக்கிட்டா போதும்’னு கேப்பாரு. நான் பேசாம இருப்பேன். அவருக்கு எழுவது தாண்டிடுச்சிண்ணா. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

நான் இன்னும் காட்பாடியில்தான் வேலை பார்க்கிறேன். தினமும் ஆம்பூரிலிருந்து ரயிலில் போய் ரயிலில் திரும்புகிறேன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, வண்டி குடியாத்தத்தில் நிற்கும். வீடு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். வண்டி நின்றதும் நான் எழுந்து கதவு வரைக்கும் போகிறேன். இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறேன். இன்று சாயங்காலமும் அப்படித்தான் நின்றேன். வண்டி கிளம்பியதும் வந்து உட்கார்ந்துகொண்டேன்.